முட்டுக்கட்டை

நடக்கிற காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறவனை, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுவது நம் வழக்கம். தேரோட்டத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள் இந்த வசவை உபயோகிக்கத் தயங்குவார்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம்; அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பது ஒன்றுதான். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்த வீட்டுத் திண்ணையை இடிக்காமல் போக வேண்டும் என்பதெல்லாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையும் கையுமாகக் கூடவே நடக்கிற நாலைந்து ஆட்களின் பொறுப்பு. உருண்டு வருகிற சக்கரத்தின் வாயில் கட்டையைக் கொடுக்க வேண்டும். கொடுத்த கணமே விலகிக்கொள்ள வேண்டும். விலகத் தாமதித்தால் கால் போய்விடும். விலக அவசரப்பட்டால் கட்டை நழுவித் தேர் போய்விடும்.

இந்த ஆட்களைச் சிறு வயதிலிருந்து நான் கவனித்து வந்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் வேகமாக ஓடிப் பார்த்ததில்லை. அநேகமாகக் குட்டையாய், கனத்த தொடையும் அகன்ற தோளுமாக இருப்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் விட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் ஜயித்துவிடுவான். ஆனால் நின்ற இடத்தில் உடம்பைத் திருப்புவதில் அவர்களுக்கு இணை கிடையாது. சுவாமிக்கு மாலை கிடைக்கிறது; வடம் பிடித்தவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கிறது; கட்டை போட்டவருக்கு மொழியில் ஒரு வசவு கிடைத்திருக்கிறது.

நல்ல கட்டை ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் ஊர்களில் அதற்குப் பரீட்சை ஒன்றும் இல்லை. அப்பன் போட்டான், பிள்ளை போடுகிறான். ஆனால் இதே கேள்வியை ஏராளமாகப் பணம் செலவழித்து, கடிகாரமும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு கேட்கிற தேசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் லீவில் வந்திருந்தபோது, இதைப் பற்றி இரண்டு நாள் விடாமல் எனக்கு உபந்நியாசம் செய்தான். கேட்கக் கேட்க எனக்கே சுவாரஸ்யம் தட்டிவிட்டது.

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று ஒன்று ஆடுகிறார்கள். பெயரில்தான் காலுக்கு இடம். பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை எறிகிறவர் ஒருவர்; அவருக்குத்தான் பேரும் புகழும் பெரிய சம்பளமும். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 140 கிலோ ஆகிருதி. எதிரிக் கட்சி ஆட்கள் பாய்ந்து வந்து, எறிகிறவரைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்க்கப் பார்ப்பார்கள். அவர் எறிந்து முடிக்கிற வரையில், இரண்டு மூன்று வினாடி நேரம், இந்த ஐவரும் குறுக்கே நின்று தடுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். சாதாரணமாக, எறிந்த பந்தை ஓடிப் போய்ப் பிடிக்கிற உரிமைகூட இவர்களுக்கு இல்லை. இவர்களுடைய பெயர் ஒலிபெருக்கியில் வருவது அநேகமாகத் தப்புச் செய்தபோதுதான். முட்டுக்கட்டை ஜாதி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதக் கடைசியில், அங்கே உள்ள 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களிலிருந்து முறை வைத்து ஆள் எடுக்கின்றன. மொத்தம் ஏழு சுற்று. முந்திய வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை, நல்ல ஏற்பாடுதான். இந்தத் தேர்வுக்கு முன்னால் பையன்களை ஒரே இடத்தில் கூட்டிச் சோதித்துப் பார்க்கிறார்கள். 1987-லிருந்து அது இண்டியானாபொலிஸ் என்ற நகரில் நடந்து வருகிறது. உயரம், எடை, கை நீளம் எல்லாம் அளக்கிறார்கள். மல்லாந்து படுத்து 102 கிலோ பாரத்தை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். 40 கஜம் ஓடவிட்டுக் கடிகாரம் பிடிக்கிறார்கள்.

"40 கஜ ஓட்டத்தில் இந்த ஐந்து பேருக்கு என்ன வேலை? அவர்கள் நிற்கிற இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் சித்தப்பா விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே கேட்கிறார்கள்" என்றான்.

ஆட்டம் முழுவதிலும் சேர்ந்தாற்போல் 40 கஜம் ஓட வேண்டிய அவசியம் தடுப்பாளுக்கு அபூர்வமாகத்தான் வரும். கல்யாணச் சமையலுக்கு ஆள் எடுக்கிறபோது, 'ஒரு கீர்த்தனை பாடிக் காட்டு' என்று கேட்பது போலத்தான் இது. ஆகையால் அந்த ஓட்டத்தில் முதல் 10 கஜத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தான் என்பதைத்தான் கவனிக்கிறார்கள். அதைவிட உசத்தியாக வேறு இரண்டு சோதனைகளை மதிக்கிறார்கள். ஒன்று 20 கஜ ஓட்டம்: நடுவில் நின்று ஒரு பக்கம் 5 கஜம் ஓடிக் கோட்டைத் தொட வேண்டும், திரும்பி மறு பக்கம் 10 கஜம் ஓடித் தொட வேண்டும், மறுபடி திரும்பி 5 கஜம் ஓடி நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். மற்றொன்றில், மூலை மட்டம் மாதிரி ஐந்தைந்து கஜ தூரத்தில் மூன்று கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடச் சொல்கிறார்கள். இரண்டிலும் சோதிப்பது ஓட்டத்தை அல்ல. ஓடுகிறவன் எப்படி நிற்கிறான், நின்றவன் எப்படித் திரும்புகிறான், திரும்பும்போது இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, இவைதான் விஷயம். 140 கிலோ உடம்பைத் தள்ளுவது சுலபம், நிறுத்துவதுதான் வித்தை.

இந்தச் சோதனைகள் ஆளைச் சரியாகக் காட்டிக் கொடுக்கின்றனவா? அண்ணன் மகன் இரண்டு பேருடைய கதையைச் சொன்னான். ஒருவர் ஜேஸன் கெல்ஸி. 2011-ல் சோதனைக்கு வந்தார். எடை 127 கிலோ. இந்த வேலைக்குச் சோனி உடம்பு. ஆனால் அந்த 20 கஜ ஓட்டத்தை 4.14 வினாடியில் முடித்தார். அவரைவிட எவ்வளவோ இலேசான ஆட்களுக்குக்கூட அது நல்ல கணக்கு. அப்படியும் எடையைப் பார்த்துத் தயங்கினார்கள். ஆறாவது சுற்றில், 191-ஆவது ஆளாக, பிலடெல்பியா அணி எடுத்தது. 13 வருஷம் அந்த ஒரே அணியில் ஆடி, 2018-ல் அது பட்டம் வென்றபோது நடுவில் நின்று, அந்த இடத்தில் நாட்டிலேயே முதல்வர் என்று ஆறு தடவை பெயர் வாங்கி, 2024-ல் ஓய்வு பெற்றார். கடிகாரம் சொன்னதைக் கேட்டிருந்தால் அணிகள் அவரை 190 தடவை விட்டிருக்க மாட்டா.

மற்றொருவர் ஆர்லாண்டோ பிரவுன். 2018-ல் வந்தார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், 156 கிலோ எடை. முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பேசிக்கொண்டார்கள். சோதனைக் களத்தில் 40 கஜத்தை ஓட 5.85 வினாடி ஆயிற்று. பாரத்தை 14 தடவைதான் தூக்கினார். பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. மூன்றாவது சுற்றில் 83-ஆவது ஆளாக பால்டிமோர் அணி எடுத்தது. அடுத்த வருஷம் தொடங்கி நாலு வருஷம் தொடர்ந்து அவர் பெயர் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தது. 2023-ல் பட்டம் வென்ற அணியில் எறிகிறவரின் முதுகுப் பக்கத்தைக் காத்து நின்றவர் அவர்தான். கடிகாரம் சொன்னதைக் கேட்டவர்கள் இங்கே ஏமாந்தார்கள். அவருடைய அப்பாவும் அதே பால்டிமோர் அணியில் அதே வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம் தேர்க் கட்டைக்காரர்களின் ஞாபகம் வந்தது.

இரண்டு கதையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. கடிகாரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிற்று. பிரவுனை நேர் கோட்டில் ஓடச் சொன்னார்கள். 'இவருக்கு ஓட வராது' என்று பதில் வந்தது. ஓடுகிற வேலைக்கா அவரை எடுக்கிறார்கள்? கெல்ஸியைத் திரும்பச் சொன்னார்கள். 'இவரைப் போல் திரும்ப ஆள் இல்லை' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு தராசைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதற்காக அளக்கிறோம் என்பதை மறந்தால், எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் வீண்தான்.

இந்த உபந்நியாசம் மனசில் இருந்தபோதுதான் ஜவ்வாது மலைக்குப் போகும்படி நேர்ந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதர் ஒருவர் உடற்கல்வி ஆசிரியர். அந்தக் காலத்துப் பாஷையில் டிரில் மாஸ்டர். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பஸ், வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு ஏறிற்று. மேலே போனதும் காற்றின் குணமே வேறு. சாமை அறுத்த காடுகள், புளிய மரங்கள், பலா மரங்கள், மண் சுவர் வீடுகள். மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள், ஒரு சரிவில் நாலு வீடும் அடுத்த சரிவில் ஆறு வீடுமாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நெருப்புக் கேட்டுப் போவதென்றாலும் ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

நான் போன அன்று பள்ளிக்கூடத்தில் பையன்களை அளந்துகொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'உலகத் திறனாய்வு' என்ற பெரிய பெயரில் உடற்திறன் சோதனை நடத்தி வந்திருக்கிறார்கள். 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டம். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல். தேறுகிற பிள்ளைகளை மேலே அனுப்பலாம். விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, பயிற்சி என்று ஒரு வழி திறக்கலாம். மைதானம் என்றால் ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம். நடுவில் கொஞ்சம் சமதரை. அதில்தான் 100 மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார் சிநேகிதர்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், குட்டையாய், தோள் அகன்று, 100 மீட்டரில் கடைசியாக வந்து சேர்ந்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக அவன் ஓடி வந்ததைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"நேராக ஓட வராதா தம்பி?" என்று கேட்டேன்.

"நேரா ஓடுற எடம் எங்க ஊருல எங்க சார் இருக்குது?" என்றான்.

சோதனை முடிந்த பிறகு சிநேகிதர் தம் இஷ்டத்துக்கு ஒன்று செய்தார். பத்து மீட்டர் தூரத்தில் இரண்டு கல்லை வைத்து, இங்கும் அங்குமாக ஆறு தடவை ஓடச் சொன்னார். மத்திய சர்க்காரின் விளையாட்டு ஆணையம் வைத்திருக்கிற சோதனை வரிசையில் இந்த ஓட்டம் உண்டு. நம் பள்ளிக்கூடத் தாளில் இல்லை. அமெரிக்கர்களின் 20 கஜ ஓட்டத்துக்கு இது ஒன்று விட்ட தம்பி. 100 மீட்டரில் முதலாவதாக வந்த நெட்டைப் பையன் ஒவ்வொரு கல்லையும் தாண்டி நாலு அடி போய்த்தான் திரும்பினான். வேகத்தை அடக்க அவனுக்குத் தெரியவில்லை. குட்டைப் பையன் கல் கிட்ட வந்ததும் இடுப்பைத் தாழ்த்தினான், வெளிக்காலை ஊன்றினான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மறு கணம் அவன் முகம் எதிர்ப் பக்கம் இருந்தது. ஆறு தடவையும் அப்படியே. யாரும் சிரிக்கவில்லை. சிநேகிதர் ஸ்டாப் வாட்சை என்னிடம் நீட்டிக் காட்டினார். நெட்டைப் பையனை அவன் வெகு தூரம் பின்னால் தள்ளியிருந்தான்.

"எப்படிப் பார்த்தீர்களா?" என்றார் சிநேகிதர். "இவன் அப்பாவோடு பலாப்பழம் சுமந்து சந்தைக்கு இறங்குகிற பிள்ளை. ஏறுகிறபோது வளர்கிற பலம் ஒன்று, சார். சுமையோடு இறங்குகிறபோது வளர்கிற பலம் வேறு. இறங்கும்போது தொடை பிரேக் மாதிரி வேலை செய்கிறது. திரும்ப வேண்டுமென்றால் முதலில் நிற்கத் தெரிய வேண்டும். இவனுக்கு மலை அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது."

"இதை எங்கே எழுதுவீர்கள்?"

"இதற்குத் தாளில் கட்டம் இல்லை, சார்" என்றார்.

சாயங்காலம் அதே சமதரையில் கபடி ஆடினார்கள். நம் தேசத்தில் தடுப்பாளின் அருமை தெரிய வேண்டுமென்றால் கபடியைத்தான் பார்க்க வேண்டும். பாடி வருகிறவனுக்கு 30 வினாடி அவகாசம். எதிரே ஏழு பேர் கையைக் கோத்துக்கொண்டு, வலை விரிகிற மாதிரி விரிந்தும் சுருங்கியும் நிற்கிறார்கள். இரண்டு கோடியிலும் நிற்கிறவர்களை 'கார்னர்' என்பார்கள். பாடி வருகிறவன் காலை நீட்டுகிற கணத்தில் கணுக்காலைப் பிடிப்பது அவர்கள் வேலை. கணம் முந்தினால் அவன் தொட்டுவிட்டு ஓடுவான். கணம் பிந்தினால் பிடிக்கக் கால் இருக்காது. நம் குட்டைப் பையன் இடது கோடியில் நின்றான். பாடி வந்தவன் வலப்பக்கம் பொய்யாகச் சாய்ந்து இடப்பக்கம் பாய்ந்தபோது, மற்ற ஆறு பேரும் சாய்ந்த பக்கம் போனார்கள். இவன் மட்டும் போகவில்லை. போகாமல் நின்றதை எந்தக் கடிகாரம் அளக்கும்?

கடிகாரத்தால் ஆகாத விஷயமும் உண்டு என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாக்காரரான தர்மராஜ் சேரலாதன் 1975-ல் பிறந்தவர், தடுப்பு ஆட்டக்காரர். மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு விடுகிற வயதில், 2016-ல், பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம் பெற்றார். அப்போது அவருக்கு 41 வயது. இருபது வயதுப் பையன்களோடு கல்லுக்குக் கல் ஓடச் சொன்னால் அவர் முதலாவதாக வந்திருப்பாரா என்பது சந்தேகம். எப்போது அசைய வேண்டும், எப்போது அசையக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோதனை என்பது வாசல். வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது.

சோதனை வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. கடிகாரத்துக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. 'யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர்?' என்று அது கேட்பதில்லை. தேர்வாளர் ஒருவரின் கண் மலைப் பையனைத் தாண்டிப் போய்விடலாம். வினாடி முள் தாண்டிப் போகாது. பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதம் இல்லாதவனுக்கு அந்த முள்தான் சிபாரிசு.

மேலும், இந்த மலைப் பிள்ளைகளை அளக்காமல் விட்டால் அளப்பதற்கு வேறு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நல்லவிதமான அளவும் இல்லாமல் இல்லை. போலீஸ் வேலைக்கு உடற்பயிற்சி செய்கிற வாலிபர்களை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் விடியற்காலையில் பார்க்கலாம். 170 சென்டிமீட்டர் உயரம் கேட்கிற தேர்வு அது. பழங்குடியினருக்கு 167 போதும். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும்; கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். எட்டிய அளவுக்குத் தக்கபடி ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று போடுவார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே கேள்வியும் தெரியும். தேறினால் கிடைப்பதும் தெரியும்.

மற்ற அளவுக்காரன் அப்படியல்ல. அவனிடம் கடிகாரமும் இல்லை, நாடாவும் இல்லை. கண் ஒன்றே போதும். செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கிற தரகனைச் சொல்கிறேன். சேஷாசலம் காட்டில் ராத்திரி வேளையில், பாதையில்லாத சரிவில், மரத்தைத் தோளில் சுமந்து இறங்கத் தெரிந்த கால் அவனுக்கு வேண்டும். என் சிநேகிதர் கல்லுக்குக் கல் ஓடவிட்டுக் கண்டுபிடித்த அதே காலைத்தான் அவனும் தேடுகிறான். கூலிக்கு எங்கெங்கோ அலைகிற வாலிபனுக்கு அவன் சொல்கிற தொகை பெரிதாகத் தெரிகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் காட்டில் ஆந்திர அதிரடிப் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். அப்பட்டமான கொலை என்றார்கள் மனித உரிமைக்காரர்கள். மாண்டவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டத்துக் கூலிகள். அவர்களில் ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் இருந்தார்கள். ஆள் சேர்த்தவன் அந்த இருபதில் இல்லை. அவன் ஒருபோதும் இருப்பதில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது சிநேகிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பிள்ளைகள் எட்டாவது, பத்தாவது வரையில் என் கையில் இருக்கிறார்கள், சார். அதற்குள் இவர்களுடைய காலுக்கு ஒரு கணக்கை நான் எழுதி வைக்காவிட்டால், பிறகு வேறு யாராவது எழுதிவிடுவான்" என்றார். விளையாட்டைப் பற்றி இவ்வளவு கவலையோடு பேசுகிற ஒருவரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் நம் தேசத்திலேயே உதாரணம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் சந்ததியாரான சித்தி மக்கள், கர்நாடகத்துக் காடுகளிலும் குஜராத்திலும் வாழ்கிறார்கள். 1980-களில் மார்கரெட் ஆல்வா விளையாட்டுத் துறை மந்திரியாக இருந்தபோது, விளையாட்டு ஆணையம் இந்தச் சமூகத்துச் சிறுவர் சிறுமியரை அளந்து தேர்ந்தெடுத்து, விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்களில் சிலர் நல்ல ஓட்டக்காரர்களாகத் தலையெடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் திட்டம் நின்று போயிற்று. கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் பலர் பழையபடி காட்டுக்கும் கூலிக்கும் திரும்பினார்கள். அளக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பார்கள். அளந்து, 'உனக்கு இது இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கைவிடுவது அதைவிடப் பெரிய கொடுமை.

இதே ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தில் வான ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி ராத்திரி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதை அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் சில வினாடி மங்கித் தெளிந்தது. கவனமில்லாதவர்கள் ஏதோ மேகம் என்று விட்டிருப்பார்கள். அதை விடாமல் குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு உலகத்தில் வேறு சில இடங்களிலும் அப்படியே குறித்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது அதிலிருந்துதான் வெளிப்பட்டது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் நடந்த சில வினாடி விஷயத்துக்குத் தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தவர்கள் இந்த மலையில் இருந்தார்கள். மலையிலேயே பிறந்த ஒரு பிள்ளை இரண்டு கல்லுக்கு நடுவில் திரும்புகிற சில வினாடிக்குக் கட்டம் போடுவது அவ்வளவு கஷ்டமான காரியமா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம். இரண்டு கல், ஒரு கடிகாரம். அந்தக் கட்டத்தில் தேறுகிற பிள்ளைக்கு, ஓடத் தெரியவில்லை என்று தள்ளாமல், திரும்பத் தெரிந்தவனுக்கு ஏற்ற விளையாட்டைக் காட்ட ஓர் ஆள். விடுதியில் சேர்த்தால் பன்னிரண்டாவது முடிகிற வரையில் அங்கே அவனுக்கு ஓர் இடம். விளையாட்டில் தேறாவிட்டாலும் படிப்பை முடிக்க ஒரு வழி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர பஸ் சார்ஜ். இவ்வளவும் சேர்ந்தால்தான் சோதனை. மற்றதெல்லாம் வெறும் அளவு.

நேராக ஓட இடமில்லாத ஊர் என்று அந்தப் பையன் சொன்னான். அப்படிப்பட்ட ஊர்கள் நம் தேசத்தில் நிறைய இருக்கின்றன. எல்லாம் மலையிலும் இல்லை. அங்கெல்லாம் பிறக்கிற பிள்ளைகள் நிற்கவும் திரும்பவும் குறுக்கே நின்று தாங்கவும் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து, 'நூறு மீட்டரை எத்தனை வினாடியில் ஓடுவாய்?' என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருந்தால், மற்றக் கேள்விகளைக் கேட்கத் தரகன் இரவு பஸ்ஸில் வந்து இறங்குவான்.